ஜெகின் என்கிற ஆன்றோ

ஆன்றோவுக்குக் கேரளத்தில் ஒரு பெண்டாட்டியும் ஐந்து வயதில் ஒரு மகனும் இருக்கிற செய்தியை அவனுக்கு முதன்முதலில் சொன்னவர், வளைகுடாவில் இந்தியப் பாஸ்போர்ட் புதுப்பிக்கிற ஆபீசில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு வடநாட்டுக்காரர். இந்தியில் சொன்னார். மைக்கில் சொன்னார். அதனால் டோக்கனோடு காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. குடும்ப நீதிமன்றத்தில் உன்மேல் கேஸ் இருக்கிறது, பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுக்காமல் இங்கே வந்து ஒளிந்திருக்கிறாய், நோட்டீசுக்கு ஆஜராகவில்லை, வாரண்ட் போட்டிருக்கிறார்கள், அதை முடித்துக்கொண்டு வந்தால்தான் புது பாஸ்போர்ட். தனக்குக் கேரளத்தில் யாருமே இல்லை என்று ஆன்றோ தெரிந்த இந்தியில் சொல்லிப் பார்த்தான். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஆகஸ்டு மாதம். வெளியே காற்று அடுப்படி ஆவி மாதிரி நின்றது. ஆன்றோ ஷார்ஜா வந்து சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. வீடு என்றால் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. பக்கத்து அறையில் ஒரு ஆலப்புழைக் குடும்பம், சமையலறை இரண்டு குடும்பத்துக்கும் பொது. எலிசா டூட்டி முடிந்து வந்து தொட்டியில் சாளை கழுவிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் தொழில்பேட்டை கிளினிக்கில் தகரம் கிழித்த கைகளையும் வெல்டிங் சுட்ட கால்களையும் கழுவிக் கட்டுகிற நர்ஸ் அவள். ரத்தம் கழுவிய கையால் மீன் கழுவினால்தான் அன்றைய நாள் முடிந்ததாக அவளுக்குத் தோன்றும்.

ஆன்றோ வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சுற்றி வளைத்துச் சொல்ல அவனுக்குத் தெரியாது. டீசல் எஞ்சின் மெக்கானிக். இன்னின்ன கெட்டுப்போயிற்று என்று சொல்வதுதான் அவன் பேச்சு.

எலிசா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"யாரு அந்தப் பொம்பள?"

"ஜோஸ்மி. பொழியூர்க்காரி. கேசுல எனக்க பேரு எங்ஙன போட்டிருக்கு தெரியுமா? ஜெகின் என்கிற ஆன்றோ."

ஜெகின் என்ற பெயரை எலிசா கேள்விப்பட்டிருந்தாள். இவர்கள் ஊர்ப்பக்கத்துப் பையன். கொல்லங்கோட்டுக் கடற்கரையில் இருந்து ராஸ் அல் கைமாவுக்கு ஓர் அரபியின் மீன்பிடி லாஞ்சில் வேலைக்கு வந்தவன். அரபி சம்பளம் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டை அவனிடமே விட்டுவிட்டு ஓடிவந்து கல்லிவல்லி ஆகிவிட்டான். விசா முறிந்து ஒளிந்து வேலை பார்க்கிறவர்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எலிசா இங்கே வருவதற்கு முன்னால் கொஞ்ச காலம் ஆன்றோவின் கேம்ப் அறையில் அவன் ஒளிந்து கிடந்தது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாததை ஆன்றோ இப்போது சொன்னான்.

கல்லிவல்லிக்காரன் எக்ஸ்சேஞ்சில் போய்ப் பணம் அனுப்ப முடியாது. அடையாளம் கேட்பார்கள். கேம்பில் யாருக்கு விசா சரியாக இருக்கிறதோ அவன் பெயரில்தான் மற்றவர்கள் அனுப்புவார்கள். அது அங்கே ஒரு வழக்கம். சோற்றுக்குக் குழம்பு மாதிரி, யாரும் யாரிடமும் நன்றிகூடச் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் அறையில் உள்ளவர்களின் பணத்தை வாங்கிக்கொண்டு ஆன்றோ போவான். ஜெகினின் பணம் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரில் இருக்கும் அவன் மனைவிக்குப் போகும். அனுப்பியவர் என்ற இடத்தில் ஆன்றோவின் பெயர், பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி பெயர் எல்லாம் இருக்கும். அவள் சீட்டுகளை எல்லாம் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள். நோட்டீஸ் பழைய கேம்பின் தபால் பெட்டிக்குப் போயிருக்க வேண்டும். கம்பெனி அங்கிருந்து மாறி வெகுகாலம் ஆயிற்று.

"அவளுக்குத் தன் புருசன் யாருன்னு தெரியாதா?" என்று எலிசா கேட்டாள்.

அதுதான் எனக்கும் புரியவில்லை என்றான் ஆன்றோ.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். கவலைப்பட எலிசாவுக்கு இன்னும் நேரம் வரவில்லை, கோபத்துக்கே இடம் போதவில்லை. பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் சில மாதம்தான் உயிர் இருக்கிறது. ரமலான் நோன்பு தொடங்குமுன் விசா அடிக்க வேண்டும், அந்தப் பாஸ்போர்ட்டில் அடிக்க மாட்டார்கள். கராஜ் முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனால் காகிதம் இல்லை என்றால் கலாஸ் என்று ஒரே வார்த்தையில் கையைத் தட்டிவிடுவான். ஏழு வயது மகள் ஜெபிஷா தகப்பன் விசாவில் இருக்கிறாள். நர்ஸ் சம்பளத்துக்குப் பிள்ளையைத் தன் விசாவில் எடுக்க முடியாது. ஆக, தகப்பனும் மகளும் ஊருக்கு. ஏர்போர்ட்டில் இறங்கியதும் தகப்பன் போலீசுக்கு. எலிசா தனியாக ஹாஸ்டலுக்கு. எவனோ பெற்ற பிள்ளைக்கு எவனோ கொடுக்காத சோற்றுக்காக இவள் குடும்பம் மூன்று துண்டாகப் போகப் போகிறது.

அன்றைய மீன்கறியில் உப்பு அதிகம். ஆன்றோ ஒன்றும் சொல்லாமல் தின்றான். அவன் ஒன்றும் சொல்லாததும் அவளுக்குக் கோபமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் எலிசா வெளிநாட்டுக்குப் பேசுகிற ஒரு ஹலோ கார்டு வாங்கிச் சுரண்டி, எக்ஸ்சேஞ்சில் ஆன்றோ அப்போதெல்லாம் எழுதிக் கொடுத்த பொழியூர் நம்பருக்குப் போட்டாள். என்னென்ன பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே மனதில் அடுக்கி வைத்திருந்தாள். மறுமுனையில் எடுத்தவளுக்கு இவள் பெயரைச் சொன்னதுமே அத்தனையும் வீணாயிற்று.

"ஆன்றோவுக்க பொண்டாட்டியா?" என்றாள் ஜோஸ்மி. "அப்பம் சனங்க சொன்னது சத்தியந்தான். அங்க ஒருத்திய வச்சிருக்காருன்னு சொன்னாவ. நான் நம்பல்ல. சேச்சி, நீங்க எத்தன வருசமா அவருகூட இருக்கீங்க?"

எலிசாவுக்குக் காது சூடாகிவிட்டது. மாதா கோயிலில் ஊரறியத் தாலி கட்டிய பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. ஆன்றோ வேறு, ஜெகின் வேறு என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். அந்தப் பக்கம் ஜோஸ்மி அசையவில்லை. அவள் சொன்னது இதுதான். கல்யாணம் முடிந்து ஜெகின் திரும்பிப் போகும்போது அவள் முழுகாமல் இருந்தாள். போய்ச் சேர்ந்த பிறகு முதல் பணம் வேறு பெயரில் வந்தது. கேட்டதற்கு, இங்கே எனக்குப் பழைய விசா போய்விட்டது, இப்போது ஆன்றோ என்ற பெயரில் காகிதம் எடுத்திருக்கிறேன், இனி இங்கே நான் ஆன்றோதான், யாரிடமும் சொல்லாதே என்றான். ஓடி ஒளிந்து வேலை பார்க்கிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்கு வெட்கம். கடற்கரையில் எத்தனையோ பேர் அடுத்தவன் பெயரில் கப்பலேறிப் போயிருக்கிறார்கள், அதனால் அவள் நம்பினாள். பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் தகப்பன் பெயரை ஆன்றோ என்றே சொன்னாள். போட்டோவைக் காட்டிப் பையனுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் பணம் நின்றது. போனும் நின்றது. வக்கீல் சீட்டுகளைப் பார்த்துவிட்டு இரண்டு பெயரையும் சேர்த்து எழுதினார்.

"எனக்க புருசன் வேற ஆளு. அவருக்கும் உனக்கும் ஒரு பந்தமும் கெடையாது" என்றாள் எலிசா.

"அங்ஙனயா? பணம் நின்ன பொறவும் ரெண்டு கிறிஸ்மசுக்கு வந்துச்சே. கொச்சனுக்குச் சட்ட எடுக்கச் சொல்லி. வேற ஆளுன்னா ஊரான் பிள்ளைக்கு எவனாவது அனுப்புவானா? நீங்க சொல்லுங்க சேச்சி."

எலிசா திரும்பிப் பார்த்தாள். ஆன்றோ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜோஸ்மிதான் முடித்தாள். வேறு ஆள் என்றால் ஜெகினைக் கொண்டுவந்து என்னிடம் பேச வையுங்கள், அவர்தான் என்று எனக்குத் தெரிந்தால் நானே வக்கீலிடம் போய் உங்கள் புருஷன் பெயரை வெட்டச் சொல்கிறேன், இல்லை என்றால் நான் சாகும்வரை இந்தக் கேசை விட மாட்டேன் என்றாள். கார்டு தீர்ந்து லைன் அறுந்தது.

"சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம்லா?" என்றாள் எலிசா.

"கிறிஸ்மசுக்கு ஒரு கொச்சனுக்குப் புதுசு இல்லாம இருக்கப்பிடாதேன்னு நெனச்சேன்."

"நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"சொல்லுவ" என்றான் ஆன்றோ.

அது உண்மை. சொல்லியிருப்பாள். அது உண்மையாக இருந்தது அவளை இன்னும் எரியவைத்தது. ஊர் உலகத்தில் ஒருத்தன் இரக்கப்பட்டுச் செய்தது, அவனே குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகப் போய் நிற்கிறது. செய்யாமல் விட்டவன் எங்கேயோ நிம்மதியாகக் கஞ்சி குடிக்கிறான். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம், இந்த ஊரில் தின்றவன் ஒருத்தன் விக்குகிறவன் ஒருத்தன் என்று இரவு முழுக்க அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜெகினின் பழைய நம்பர் செத்துக் கிடந்தது. ஆனால் வளைகுடாவில் ஓர் ஆளைத் தேட வேண்டும் என்றால் போலீசைவிட மளிகைக்கடைக்காரர் நல்லவர். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரி கேம்புக்கு எதிரில் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து மூசா காக்காவை ஆன்றோவுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜெபிஷாவைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு இருவரும் வேனில் போனார்கள். வழி நெடுக ஒட்டகம் மேயாத மணலும் கம்பி வேலியும்.

மூசா காக்கா குளிர்ந்த மோர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், கேம்பில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் பணம் அனுப்புகிறார்கள், நானே எத்தனை பேருக்கு என் பெயரில் அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெகின் அங்கேதான் இருந்தான். மீன்பிடித் துறைக்குப் பின்னால் கூடு பின்னுகிற கொட்டகையில் வேலை. விசா இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்புக் காலம் நடக்கிறது, பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் அபராதம் இல்லாமல் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடு என்று அவனுக்கு எத்தனையோ முறை சொல்லிவிட்டேன் தங்கச்சி, கேட்க மாட்டேன் என்கிறான் என்றார்.

கொட்டகையில் ஆள் உயரத்துக்குக் கம்பிக் கூடுகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. கடலுக்கடியில் போட்டு மீன் பிடிக்கிற கர்கூர். ஜெகின் ஒரு கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஆன்றோவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தான். அண்ணே, மைனி, வாருங்க வாருங்க என்று ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான். அந்தச் சிரிப்பைத்தான் எலிசாவால் தாங்க முடியவில்லை. எதிரி மாதிரி இருந்தால் வசதியாக இருந்திருக்கும். இவன் தம்பி மாதிரி இருந்தான்.

ஆன்றோ மெதுவாகச் சொன்னான். ஜெகின் தலையைக் குனிந்து கேட்டான். பணம் ஏன் நின்றது என்பதற்கு அவனிடம் காரணங்கள் இருந்தன. காய்ச்சலில் கிடந்தான், வேலை கொடுத்த பாக்கிஸ்தானி ஏமாற்றினான், இரண்டு மாதம் அனுப்ப முடியவில்லை. மூன்றாம் மாதம் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தில் ஒரு வருஷம் போயிற்று. ஒரு வருஷம் போன பிறகு என்ன முகத்தோடு கூப்பிடுவது என்றான்.

"இப்பம் கூப்பிடு. நீதான் ஜெகின், இவரு வேறன்னு ஒரு வார்த்த சொல்லு. அவ பேர வெட்டிருவா" என்றாள் எலிசா.

ஜெகின் கம்பி முனையை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, எலிசாவைப் பார்க்காமல் ஆன்றோவைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணே, கேசு உங்க பேருல கெடந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க வேற ஆளுன்னு ஒரு நாள் தெரிஞ்சிரும். எனக்க பேருல ஆயிட்டா நான் ஊருக்குப் போவ முடியாது. கொஞ்ச நாளு அங்ஙனயே கெடக்கட்டுமே."

இத்தனை வருஷம் தன் பெயரைச் சும்மா கொடுத்த ஆன்றோ, அதைத் திருப்பிக் கேட்கவும் தெரியாமல் நின்றான். எலிசாவுக்கு அப்போது இரண்டு பேரையும் சேர்த்து அறைய வேண்டும் போலிருந்தது. ஏமாற்றியவனைவிட, ஏமாந்து நிற்கிறவனின் அந்த நல்ல முகத்தைத்தான் முதலில் அறைந்திருப்பாள். ஊருக்கு இளைத்தவன் பெண்டாட்டியாக இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அந்தப் புழுக்கத்தில் அவளுக்குத் தெரிந்தது.

"ஒனக்க கொச்சன் பள்ளிக்கூடத்துல அப்பன் பேரு என்னன்னு சொல்லுதான் தெரியுமா?" என்றாள். "ஆன்றோன்னு சொல்லுதான். போட்டாவுல இருக்க ஒன்னக் காட்டி, இதுதான் ஆன்றோன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. நீ கேச மட்டுமா எனக்க மாப்பிளைக்க தலையில வச்ச? பெத்ததயும் சேத்து வச்சிருக்க."

ஜெகின் உட்கார்ந்துவிட்டான். எலிசா காத்திருக்கவில்லை. பையிலிருந்து கார்டை எடுத்து நம்பரைப் போட்டாள். ஜோஸ்மி எடுத்ததும், ஆள் பக்கத்தில் இருக்கிறார், பேசு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை ஜெகினின் காதில் வைத்தாள். அவன் கையால் வாங்கவில்லை. அவள்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போனில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று எலிசாவுக்குப் புரியவில்லை. ஒரு கேள்வி. பிறகு இன்னொரு கேள்வி. பிறகு ஒரு நீண்ட பேச்சு, நடுவில் உடைந்து, மறுபடி தொடங்கியது. ஜெகின் வாயைத் திறக்கவில்லை. பேசு ஜெகினே என்று ஆன்றோ கெஞ்சினான். மூசா காக்கா வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்தார். கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது. அவன் பேசவே போவதில்லை என்று எலிசாவுக்குத் தெளிவாகிவிட்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். கை வலித்தது. போனைத் தன் காதுக்கு எடுத்தாள்.

"ஜோஸ்மி, நான் எலிசா. அவன் பேச மாட்டேங்குதான். நான் என்ன செய்ய, சொல்லு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் ஜோஸ்மி நிதானமாகப் பேசினாள்.

"வேண்டாம் சேச்சி. அவருதான். கல்யாணம் கழிஞ்ச அன்னையில இருந்து நான் எதாவது கேட்டா இப்பிடித்தான் மிண்டாம நிப்பாரு. போன்லயும் இதே மாதிரி மூச்சு மட்டும் கேக்கும். வேற ஒருத்தனுக்கு இந்த மிண்டாட்டம் வராது. திங்கக்கிழம நான் வக்கீலப் பாக்கேன். உங்க மாப்பிள பேரு இனி அதுல இருக்காது."

கோபமாகப் பேசத்தான் எலிசா இத்தனை நாள் பழகியிருந்தாள். கொச்சனுக்கு என்ன பெயர் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை வருவதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது.

"அவ என்ன சொன்னா மைனி?" என்று ஜெகின் கேட்டான். அப்போதுதான் அவனுக்குக் குரல் வந்தது.

"ஒன்னத் தெரியும்னு சொன்னா" என்றாள் எலிசா.

ஜோஸ்மி சொன்னபடியே செய்தாள். வக்கீல் முதலில் முரண்டு பிடித்தாராம், இத்தனை சீட்டு இருக்கும்போது ஒரு மூச்சுச் சத்தத்தை நம்பி எப்படிப் பெயரை வெட்டுவது என்றாராம். அவள் நீதிபதியின் முன்னால் போய் நின்று, அவர் எனக்கு யாரும் இல்லை, பிள்ளைக்கு இரண்டு தடவை சட்டை எடுத்துக் கொடுத்த மனுஷன், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். உத்தரவின் நகல் வந்து, அதைக் காட்டிப் புது பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் நோன்பு தொடங்கிவிட்டது. கராஜ் முதலாளி இரண்டு வாரம் பொறுத்தான். அந்த இரண்டு வாரமும் ஆன்றோவுக்குச் சம்பளம் கிடையாது. அதை யாரிடம் போய்க் கேட்பது என்று எலிசா சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மாப்பிள்ளையை மன்னித்தாளா என்றால், அவன் தட்டில் மீன் துண்டு மறுபடி பெரிதாக விழ ஆரம்பித்தது என்பது வரைக்கும் உண்மை.

பொதுமன்னிப்பு முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை கோயில் முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு தட்டப்பட்டது. ஜெகின் நின்றான். துவைத்த சட்டை போட்டிருந்தான். ஜெபிஷா யார் என்று எட்டிப் பார்த்தாள், எலிசா அவளை உள்ளே போகச் சொன்னாள்.

அவன் உள்ளே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு சுருளை எடுத்து நீட்டினான், ஆன்றோவை நோக்கி.

"அண்ணே, கூடு பின்னுன காசு. கொச்சனுக்கு அனுப்பணும்."

ஆன்றோவின் கை எழுந்தது. பழக்கம். வருஷக்கணக்காக வெள்ளிக்கிழமை தோறும் எழுந்த கை. எலிசா அதைப் பார்த்தாள். பிள்ளைக்குப் போகிற பணத்தைத் தடுக்கிறோம் என்று அவளுக்கு நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் சொல்லிக்கொண்டிருக்கும் தகப்பன் பெயரும் கூடவே நினைவுக்கு வந்தது. வாசலில் ஆன்றோவுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"யாரு பேருல அனுப்பணும்?" என்று கேட்டாள்.

ஜெகின் சுருளை நீட்டியபடியே ஆன்றோவைப் பார்த்தான்.

"ஒனக்க பேருல அனுப்பு."

"எனக்குத்தான் காகிதம் இல்லியே மைனி."

"அப்பம் நீயே கொண்டு போ" என்று சொல்லிவிட்டு எலிசா கதவைச் சாத்தினாள்.